பிஸ்கட் டின்னில் முப்பத்தொரு கார்ட்

போன கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்த சொந்தக்காரப் பெடியன் கேட்டான்: "அண்ணை, வெள்ளவத்தையிலை அந்தக் கிழவியை எப்பிடி மடக்கினீங்கள்? எங்களுக்கும் சொல்லித் தாங்கோவன்."

அவன் கெட்டவன் இல்லை. வங்கியில் வேலை, கையில் கொஞ்சம் காசு, வீடு காணியில் போட ஆசை. ஆனால் 'மடக்கினீங்கள்' என்ற சொல்லோடு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மணமக்கள் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், பேச்சு அதோடு நின்றுவிட்டது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் பலர் இப்போது இறங்கியிருக்கிறார்கள்.

நான் பகலில் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். 2009க்குப் பிறகு மச்சானும் நானும் ஒரு நண்பருமாகச் சேர்ந்து, கொழும்பில் பழைய வீடுகளை வாங்கித் திருத்தி வாடகைக்கு விடுகிறோம், சிலவேளை விற்கிறோம். கம்பனி எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் கையெழுத்தானது ஆறு. அதில் ஐந்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. பழைய வீடு வாங்கப் போகிறவன் முதியவர்களைச் சந்திக்காமல் இருக்க முடியாது. விற்பவராக, வாடகைக்கு இருப்பவராக, வீட்டுக்காரராக ஏதோ ஒரு கதிரையில் அவர்கள் இருப்பார்கள்.

அந்தப் பெடியன் 'கிழவி' என்றது ரீச்சர் அன்ரியை. நான் முதல் தடவை போனது 2021 டிசம்பரில். காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கை. முடிவில் மரைன் டிரைவ், அங்கால் தண்டவாளம், அதற்கும் அங்கால் கடல். இரண்டு பக்கமும் தொடர்மாடிகள் எழும்பி நிற்க, நடுவில் ஓடு போட்ட ஒரே ஒரு வீடு. முற்றத்தில் ஒரு ஜம்பு மரம். மொத்தம் ஏழு பேர்ச் (பேர்ச் என்பது இங்கே காணி அளக்கும் அலகு). அன்ரிக்கு அப்போது எண்பத்தொரு வயது. முப்பத்திநாலு வருடம் தமிழ் படிப்பித்தவர். கணவர் 1998இல் காலமாகிவிட்டார். மகன் கனடாவில், மகள் லண்டனில்.

என்னை இருத்திவிட்டு அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே முழுக்க விசிட்டிங் கார்ட். எண்ணி வைத்திருக்கிறார், முப்பத்தொன்று. எல்லாம் புரோக்கர்மார், கட்டுமானக் கம்பனிக்காரர்.

"நீர் முப்பத்திரண்டாவது ஆள். கார்ட்டை வைச்சிட்டுப் போம்."

நான் கார்ட் அடிப்பதில்லை என்றேன். கொப்பி ஒன்றைத் தந்து பேரையும் நம்பரையும் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ற இன்னும் கொஞ்சம் இறங்க வேணும்" என்றார். அன்றைக்கு வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போவேன். பின்னேரம் நாலரைக்குப் பிறகுதான். மத்தியானத்தில் அவர் படுப்பார். ஏழு மணிக்குப் பிறகு வெளிச்சம் போதாது, கடதாசி பார்க்க முடியாது. வலது காது மந்தம், ஆகவே இடது பக்கக் கதிரையில் இருப்பேன். இவையெல்லாம் சின்ன விசயம் என்று நினைப்போம். ஆனால் ஒரு புரோக்கர் மத்தியானம் இரண்டு மணிக்கு மணியடித்து, வலது காதுப் பக்கம் நின்று வேகமாகப் பேசிவிட்டு, 'அன்ரி எல்லாத்துக்கும் ஓம் எண்டவ' என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். அன்ரி தலையாட்டியது விளங்கியதால் இல்லை. கேட்காததால்.

இன்னொன்றும் நடந்தது. ஒருவர் வந்து பேர்ச்சுக்கு ஆறு மில்லியன் தருகிறேன் என்றிருக்கிறார். அன்ரிக்குக் கோபம். "ஒழுங்கையிலை எல்லாரும் அறுபது எண்டு சொல்லுறாங்கள், இவன் ஆறு எண்டுறான்" என்று என்னிடம் சொன்னார். அவர் கேள்விப்பட்டது அறுபது இலட்சம். இரண்டும் ஒன்றுதான். கொழும்பில் வியாபாரம் பேசுபவர்கள் எல்லோரும் மில்லியனுக்கு மாறிவிட்டார்கள், எழுபது எண்பது வயதுக்காரர் இன்னும் இலட்சத்தில்தான் நினைக்கிறார்கள். இது எதிர்ப்பக்கமாகவும் நடக்கும், அதுதான் ஆபத்து. அன்றிலிருந்து எந்தத் தொகையானாலும் ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் முழுப் பூச்சியத்தோடும் எழுதி, கீழே இலட்சத்திலும் எழுதி, திகதி போட்டு அவரிடமே கொடுத்துவிடுவேன். அடுத்த முறை போகும்போது அந்தத் தாள் கொப்பிக்குள் இருக்கும், ஓரத்தில் பென்சிலால் கேள்விகளோடு.

ஏன் இவ்வளவு ஆறுதலாகப் போனேன் என்றால், அதற்குக் காரணம் கொட்டாஞ்சேனை.

2011இல் லூசியா பேராலயத்துக்குக் கிட்ட, ஒரு வரிசை வீட்டை வாங்கினோம். மலிவு. ஏனென்றால் உள்ளே 1969இலிருந்து வாடகைக்கு ஒரு தையல்கார ஐயா இருந்தார். மாத வாடகை 72 ரூபாய் 50 சதம். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. எங்களோடு அப்போது கூட்டாக இருந்த ஒருவர், "வயசு போன மனுசன், இன்னும் எவ்வளவு காலம்?" என்றார். நானும் அதே கணக்கைத்தான் மனதுக்குள் போட்டேன். எழுதக் கூசுகிறது. ஆனாலும் போட்டேன் என்பது உண்மை. ஒரு மனிதரின் சாவை இலாபப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு அந்த வீட்டை வாங்கினேன்.

வீட்டை வாங்கிய பிறகுதான் சட்டம் சரியாக விளங்கியது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் கீழ் வருகிற பழைய குடியிருப்பாளரை நினைத்தபடி எழுப்ப முடியாது, வாடகையை நினைத்தபடி கூட்டவும் முடியாது. 'எனக்குக் குடியிருக்க வீடு வேண்டும்' என்பது வழக்குக்கு ஒரு காரணம்தான். ஆனால் ஆள் இருக்கிற வீட்டை அவர் இருக்கத்தக்கதாகவே விலைக்கு வாங்கியவனுக்கு அந்தக் காரணம் உதவாது. அவர் இறந்தால் அவரோடு அதே வீட்டில் வாழ்ந்த மனைவிக்கோ பிள்ளைக்கோ அந்த உரிமை போகும். ஐயாவோடு மகள் இருந்தார். ஆக, எங்களுடைய 'எவ்வளவு காலம்' என்ற கணக்கு சட்டத்திலும் பிழை.

கூட்டாளி விடவில்லை. இரண்டு மாதம் வாடகை வாங்காமல் விட்டார். நிலுவை என்று சொல்லி வழக்குப் போடலாமாம். வாடகையை வீட்டுக்காரர் வாங்காவிட்டால் மாநகர சபையில் கட்டலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஐயாவுக்கு அது எங்களைவிட நன்றாகத் தெரியும்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் மத்தியானம் புறக்கோட்டைக் கடைக்கு ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். என் மேசை மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. ஐயா படியேறி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கொலரில் ஓர் ஊசி குத்தியபடி. கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை. மூச்சு அடங்கும் வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய மூன்று ரசீதை எடுத்து மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். மாநகர சபை ரசீது. ஒவ்வொன்றையும் விரலால் தட்டி நேராக்கினார், துணியின் ஓரம் மடிப்பது போல.

"தம்பி, நான் வாடக பாக்கி வச்ச ஆள் இல்ல. அத சொல்லத்தான் வந்தேன்."

தண்ணீர் குடித்தார். ரசீதுகளை மறுபடியும் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் அவரோடு கீழே வரை போனேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை, பேசியிருக்க மாட்டேன்.

அந்தக் கூட்டாளியின் பங்கை அந்த வருடமே மச்சானும் நானும் வாங்கிக்கொண்டோம். அடுத்த மே மாதத்தில் மழை தொடங்க முதல் கூரை மாற்றினோம். பழைய வீட்டுக்காரர் பல வருடமாக ஓட்டில் கைவைக்கவே இல்லை. முன்னறையில் தையல் மெஷினுக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி நானே நேரில் போய் வாடகை வாங்கி ரசீது எழுதிக் கொடுத்தேன். அதை அவர் சுவரிலே தொங்கிய ஒரு வளைந்த கம்பியில் கோப்பார். 1969இலிருந்து எல்லாம் அதில் இருந்தது. அடியில் இருந்தவை மண்ணிறமாகி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. 2019இல் அவர் காலமானார். மகள் அங்கேதான் இருக்கிறார், ஐந்தாம் திகதி இப்போதும் போகிறேன். முதலீடு என்று பார்த்தால் அது நட்டம். ஆனால் பிழை அவருடையது அல்ல, பார்க்காமல் வாங்கிய எங்களுடையது.

ஆகவே உள்ளே முதியவர் வாடகைக்கு இருக்கும் வீடு மலிவாக வந்தால் எனக்கு இப்போது ஒரே கேள்விதான். அவர் கடைசி வரை அங்கேயே இருந்தாலும் எனக்குக் கட்டுமா? கட்டாது என்றால் வாங்குவதில்லை. போகச் சொல்லிக் காசு கொடுப்பது தவறில்லை, ஆனால் காசை மட்டும் காட்டினால் அவர்கள் பயப்படுவார்கள். எங்கே போவது என்பதற்கு நீங்கள் விடை வைத்திருக்க வேண்டும். தெஹிவளையில் ஒரு வயதான சோடிக்கு அதே வீதியில், படி ஏறத் தேவையில்லாத ஒரு அன்னெக்ஸ் பார்த்துக் கொடுத்த பிறகுதான் தொகையைப் பற்றியே பேசினோம். பேச்சு ஒரு பின்னேரத்தில் முடிந்தது.

சரி, ரீச்சர் அன்ரியிடம் வருகிறேன்.

அவருடைய உறுதியின், அதாவது காணிப் பத்திரத்தின், மூலப்பிரதி 83 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துவிட்டது. கூரையும் முன்னறையும் போயின. அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து வீட்டைத் திருத்திக்கொண்டு, காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று எடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்த மூன்று பேர் ஒரே கதை சொல்லியிருக்கிறார்கள்: "ஒரிஜினல் இல்லாத காணி அன்ரி, ஒருத்தரும் வாங்க மாட்டாங்கள், நான் ஏதோ பாவம் பார்த்து எடுக்கிறன்." அப்படிச் சொல்லி மூன்றிலொரு பங்கு விலையைக் குறைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு இன்னும் கொதிக்கிறது. உறுதி எழுதும் நொத்தாரிசு தன்னிடம் ஒரு பிரதி வைத்திருப்பார், இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். அது சட்டம். மூலப்பிரதி தொலைந்தால் யாரிடமாவது அடகாக இருக்கிறதா என்று பதிவேடுகளைத் தேட வேண்டும், சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், பத்திரிகையில் அறிவித்தல் போடலாம். வேலை இருக்கிறது, ஆனால் காணியின் பெறுமதி குறையாது. 83இல் எரிந்த ஒரு கடதாசியைக் காட்டி ஒரு பெண்ணிடம் விலை குறைப்பது என்றால், அந்த நெருப்பில் இரண்டாம் தரம் குளிர்காய்வது போல. எங்கள் ஆட்களே செய்தார்கள்.

இன்னொரு பெரிய பொய், 'அன்ரி நீங்கள் மட்டும் கையெழுத்து வைச்சால் காணும்' என்பது. வீடு 1971இல் இருவர் பேரிலும் வாங்கியது. கணவர் மரணசாதனம் (உயில்) எழுதவில்லை. அவருடைய பாதியில் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது. உயில் இல்லாவிட்டாலும், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு முடியாமல் சுத்தமான உறுதி எழுத முடியாது. அன்ரி மட்டும் கையெழுத்திட்டிருந்தால் வாங்கியவனுக்கும் வில்லங்கம், அன்ரிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவிலே சண்டை. நான் அன்ரிக்குச் சொன்னது, உங்களுக்கென்று ஒரு லோயரை நீங்களே பிடியுங்கள், என்னுடைய ஆள் வேண்டாம். அவர் தன்னிடம் படித்த ஒரு பிள்ளையைப் பிடித்தார். அந்த லோயர் என்னைப் படாத பாடு படுத்தினார், அது அன்ரிக்கு நல்லதாகவே முடிந்தது. மகன் டொரன்டோவிலிருக்கும் இலங்கைத் துணைத்தூதரகத்திலும், மகள் லண்டன் உயர்ஸ்தானிகராலயத்திலும் அற்றோனித் தத்துவத்துக்கு (தங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரத்துக்கு) கையெழுத்திட்டு அனுப்பினார்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. எல்லாப் பிள்ளைகளும் இப்படி இல்லை. ஒருமுறை கிருலப்பனையில் ஒரு வீடு பார்க்கப் போனோம். மகன் பேசினார், மருமகள் பேசினா, அம்மா கதிரையில் இருந்தா. நான் அம்மாவைப் பார்த்துக் கேட்ட மூன்று கேள்விக்கும் மகனே பதில் சொன்னார். வெளியே வரும்போது அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டது, "தம்பி, நான் எங்கை இருக்கப் போறன் எண்டு உங்களிட்டைச் சொன்னவையோ?" நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டோம். வேறு ஒருவர் வாங்கியிருப்பார். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. வீட்டை நன்கொடை உறுதியாகப் பிள்ளைக்கு எழுதினாலும் உயிரோடு இருக்கும் வரை அதை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை பெரும் நன்றிகேடாக நடந்தால் அந்த நன்கொடையை நீதிமன்றத்தில் இரத்துச் செய்ய 2017இல் சட்டம் வந்திருக்கிறது. பராமரிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் சட்டத்தின் கீழ் ஒரு சபை இருக்கிறது. வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி: எங்கள் நாட்டில் இன்னும் நிற்கிற ரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, உண்மைப் பெறுமதியில் அரைவாசிக்கும் கீழே விற்க நேர்ந்தவர் அந்த விற்பனையை இரத்துச் செய்யக் கேட்டு வழக்குப் போடலாம். 'மடக்கி' வாங்கிய வீடு கையில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2022 நெருக்கடி வந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 சொச்சம், மே மாதம் 360. அன்ரி வீட்டில் கேஸ் முடிந்து, முற்றத்தில் ஜம்பு மரத்துக்குக் கீழே மூன்று கல்லு வைத்து விறகில் சமைத்தார். ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. நான் போனால் வாசலில் விசிறியோடு இருப்பார். கதவைத் திறந்து வைத்திருந்தாலும் காற்று வராது, தொடர்மாடிகள் கடல் காற்றை மறித்துவிட்டன.

விலை டொலர் ஏறுவதற்கு முன்னரே வாயால் பேசியாகிவிட்டது. காணி விற்பனைக்கு நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், ஆகவே வாய்ப்பேச்சு இரண்டு பக்கத்தையும் கட்டாது. அன்ரி ஒரு நாளும் கூட்டிக் கேட்கவில்லை. "சொன்ன சொல் சொன்னது தானே" என்றார். மச்சானும் அதையே சொன்னான். நான் இரண்டு இரவு கணக்குப் போட்டேன். முன்னர் பேசிய விலைக்கு, ஓகஸ்டில் அவரால் அதே வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஃபிளாட் கூட வாங்க முடியாது. அவர் எங்களுக்கு வீட்டைத் தந்துவிட்டு எங்கே போவார்? அந்த ஒரு கேள்வியோடுதான் மச்சானிடம் போனேன். சத்தம் போட்டான், இரண்டு கிழமை பேசவில்லை. பிறகு அவனே வந்து, பேர்ச்சுக்கு எவ்வளவு கூட்டலாம் என்று ஒரு தாளில் எழுதித் தந்தான். நான் மனதில் வைத்திருந்ததைவிட அது கூட. அதை அன்ரியின் வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அன்ரி நெடுநேரம் பார்த்தார். பூச்சியத்தை எண்ணினார். "பிழையா எழுதிட்டீரோ?" என்று கேட்டார்.

2023 பெப்ரவரியில் உறுதி எழுதினோம். முதல் நாள் போனதிலிருந்து பதினான்கு மாதம். கந்தோருக்கு அவரை இழுக்கவில்லை. நொத்தாரிசு வீட்டுக்கு வந்தார், அன்ரியின் லோயரும் கூட இருந்தார். சாட்சி இரண்டு பேரும் அன்ரியை அறிந்தவர்கள்: சந்தி ஃபார்மசிக்காரர், அன்ரியிடம் படித்த ஒரு அம்மா. உறுதி ஆங்கிலத்தில். நொத்தாரிசு ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொன்னார். எல்லை விபரத்துக்கு வந்ததும் அன்ரி நிறுத்தினார். வடக்கே இன்ன இலக்க வளவு என்று இருந்தது. "அதிலை ஒரு பறங்கி மிஸ் இருந்தவ. கேக் செய்து நத்தாருக்கு மதிலாலை தருவா" என்றார். தெற்கே இன்ன இலக்கம். அதில் இருந்தவர்கள் 83க்குப் பிறகு அவுஸ்திரேலியா போனார்கள். நொத்தாரிசு அவசரப்படவில்லை. அன்ரி மேற்கு, கிழக்கும் சொல்லி முடிக்கும் வரை பேனையை மூடி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

கையெழுத்து தமிழில், முழுப்பெயர், கரும்பலகையில் எழுதுவது போல் ஒவ்வொரு எழுத்தாக. பிறகு இடது பெருவிரல். மையில் தொட்டு வைத்தால் ஒரு நீலப் பொட்டுத்தான் விழுந்தது, ரேகை இல்லை. துடைத்து மறுபடி. மறுபடியும் பொட்டு. அன்ரி விரலைத் திருப்பிப் பார்த்தார். "சோக் பிடிச்சுத் தேஞ்சு போச்சு" என்றார். சோக் பிடித்தது வலது கை என்று யாரும் சொல்லவில்லை. ஃபார்மசிக்கார ஐயா ஈரத்துணியால் விரலை மெதுவாகத் துடைத்து, சற்று நேரம் தன் கைக்குள் வைத்துச் சூடாக்கினார். நான்காவது தரம் ரேகை விழுந்தது.

காசு வங்கிக் காசோலையாக. முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், அது வாங்குபவர் கட்டுவது வழக்கம். முன்னர் வந்த ஒருவர் அதை அன்ரியின் தலையில் போடப் பார்த்திருக்கிறார். வைப்புப் போடும்போது ஒரே வங்கியில் போட வேண்டாம் என்று சொன்னேன், ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் காப்புறுதி. முதியவர்களுக்கிருந்த 15 வீத விசேட வட்டி அதற்கு முந்தின ஒக்டோபரோடு நின்றுவிட்டது, ஆனால் பொதுவாகவே வட்டி அப்போது நன்றாக இருந்தது. அடுத்த மாதம் ஒரு தூரத்துச் சொந்தம் கடன் கேட்டு வந்ததாம். லோயரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

உறுதி எழுதினாலும் அன்ரி உடனே போகத் தேவையில்லை, ஒரு வருடம் வாடகையில்லாமல் அந்த வீட்டில் இருக்கலாம் என்று அதே நாளில் நொத்தாரிசு முன் இன்னொரு உடன்படிக்கை எழுதினோம். வாய்ச்சொல்லாக விட்டிருந்தாலும் நான் காத்திருப்பேன். ஆனால் நான் நாளை பஸ்ஸில் அடிபட்டால் மச்சானின் பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? முதியவர்களுக்குக் கொடுக்கிற வாக்கு கட்டாயம் கடதாசியில் இருக்க வேண்டும். அவர்கள் எங்களுக்கு முன்னால் போவார்கள் என்று நாங்களாகத்தான் நினைத்துக்கொள்கிறோம்.

பதினோராம் மாதம் அன்ரியே கூப்பிட்டார். இரண்டு ஒழுங்கை தள்ளி, லிஃப்ட் இருக்கிற ஒரு தொடர்மாடியில் சின்ன ஃபிளாட். அதே கோயில், அதே ஃபார்மசி, அதே நூறாம் இலக்க பஸ் ஹோல்ட். சாமான் ஏற்றி முடிந்ததும் திறப்புக் கோர்வையை என் கையில் வைத்தார். பிறகு பிஸ்கட் டின்னையும் தந்தார்.

"இது எனக்கு இனித் தேவையில்லை. ஆனா இவங்கள் வந்து வந்து போவாங்கள். ஒவ்வொருத்தருக்கும் அடிச்சுச் சொல்லும், வீடு வித்தாச்சு, இனி வராதேங்கோ எண்டு."

அன்று இரவு மேசையில் கார்ட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஃபோன் அடிக்கத் தொடங்கினேன். சில நம்பர் இப்போது பாவனையில் இல்லை. சிலர் யாரென்றே ஞாபகம் இல்லை என்றார்கள். ஒருவர் வாழ்த்துச் சொன்னார். பத்தொன்பதாவது கார்ட்டுக்காரர், ஒரிஜினல் இல்லை என்று விலை குறைத்த மூவரில் ஒருவர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி அண்ணை, பரவாயில்லை. அந்தப் பக்கம் வேறை வயசு போன ஆக்கள், தனிய இருக்கிற ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

ஃபோனை வைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு இருபதாவது கார்ட்டை எடுத்தேன்.